ஊன்றிய திருவடி

காவிரியின் வடகரைத் தலங்களுள் ஒன்று திருப்பாச்சிலாச்சிராமம். திருச்சிராப்பள்ளிக்கு அருகே இன்று திருவாசி என வழங்கும் அத்தலத்தில் மாற்றுரைவரதீசுவரரும் பாலாம்பிகை அம்மையும் அருள்பாலிக்கின்றனர். திருஞானசம்பந்தர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டில், அப்பகுதியில் வாழ்ந்த கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகளை ‘முயலகன்’ என்ற நோய் பற்றியது. செய்த முயற்சிகள் பலிக்காமல் போகவே, மழவன் தன் அருமை மகளைத் திருக்கோயிலுக்குக் கொண்டுவந்து இறைவன் திருமுன் கிடத்தினான். அவ்வேளையில் சம்பந்தப் பெருமான் அத்தலத்துக்கு எழுந்தருளினார். உணர்விழந்து கிடந்த பெண்ணைக் கண்டதும், அவளுக்கு நேர்ந்தது என்ன என்று வினவினார். தந்தை நோயின் பெயரைச் சொல்லி, உற்றதை உற்றபடி உரைத்தான். பெருமான் பதிகம் பாடியருள, பெண் நோய் நீங்கி எழுந்தாள். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் நிகழ்ச்சி இது.

முயலகன் என்று அந்நாளில் சொல்லப்பட்ட நோயை வடமொழி மருத்துவ நூல்கள் அபஸ்மாரம் என்கின்றன. மக்கள் வழக்கில் அதுவே காக்காய் வலிப்பு. கோயிலுக்குச் செல்லும் அன்பர் ஒவ்வொருவரும் அந்நோயின் உருவத்தைக் கண்டிருக்கின்றனர். ஆடல்வல்லானின் வலத் திருவடியின் கீழே, குறள் வடிவில் படுத்துக் கிடக்கும் அசுரனின் பெயரும் முயலகன்தான். வடமொழியில் அபஸ்மார புருஷன். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியில் எழுப்பி ஏவிய அவனை இறைவன் திருவடியால் மிதித்து, அவன் முதுகின்மேல் ஆடினான் என்பது புராண வரலாறு. திருவாசியில் மட்டும் நடராசப் பெருமானின் திருவடியின் கீழ் முயலகன் இல்லை. அங்கே பாம்பு ஒன்று கிடக்கிறது. மழவன் மகளின் நோய் நீங்கியதன் அடையாளமாகத் தலவரலாறு அதனைக் கூறும்.

இத்திருவுருவத்தில் ஊன்றி நோக்கத்தக்க ஒன்றுண்டு. இறைவன் முயலகனைக் கொல்லவில்லை, அடக்கி வைத்திருக்கிறான். அசுரன் உயிரோடு கிடக்கிறான். ஆனால் எழ இயலவில்லை. திருவடி ஊன்றியிருக்கும்வரை ஆடல் இடையறாது நிகழ்கிறது. வலிப்பு நோயுடைய குழந்தையை வளர்க்கும் பெற்றோர் அறிய வேண்டிய மருத்துவ உண்மை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வலிப்பு மருந்தால் அடங்கும். அடங்கிய நோய் அழிந்துவிட்டதென்று எண்ணி ஒருநாள் கால் எடுத்தால், அது எழுந்துவிடும்.

கரிசல் காட்டின் கவலை

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள நாகலாபுரமும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை கண்டு விதைத்தால் தை, மாசியில் கம்பும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேரும். மழை பொய்த்த ஆண்டில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலையோ, கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலோ குடும்பத்தைத் தாங்கும். அன்றாடக் கூலியில் வாழும் இத்தகைய வீடுகளில் ஒரு குழந்தைக்கு வலிப்பு நோய் வருமானால், நோயைவிட அதனால் நேரும் அலைச்சலே பெற்றோரை முதலில் சாய்த்துவிடுகிறது. நரம்பியல் சிறப்பு மருத்துவரைக் காண மாவட்டத் தலைநகருக்கோ, மதுரைக்கோ, திருநெல்வேலிக்கோ செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம் ஒருபுறம், அன்றைய கூலி ஒருபுறம். மருந்துப் புட்டி தீரும் நாளும் கையில் பணம் இருக்கும் நாளும் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. நான்கு நாள் மருந்து நின்றால், ஐந்தாம் நாள் இரவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரு புட்டி மருந்தின் விலையை மிச்சம் பிடித்த வீடு, தாயும் தந்தையும் ஒரு வாரம் வேலை இழந்து மருத்துவமனைக் கட்டிலருகே காத்திருக்கும் நிலைக்கு ஆளாகிறது. குழந்தைக்கு நேரும் ஆபத்தோ எந்தக் கணக்கிலும் அடங்காதது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். நோயைச் சரியாகக் கண்டறிந்து மருத்துவம் செய்தால், அவர்களுள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். ஆயினும் வருமானம் குறைந்த நாடுகளில் நோயாளிகளுள் நான்கில் மூவருக்கு உரிய மருத்துவம் கிட்டுவதில்லை.

அந்த மருத்துவம் பெருநகரத்தில்தான் இயலும் என்பதில்லை. கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரச் சிற்றூர்களில் நரம்பியல் அறிஞர் கே.எஸ்.மணி தலைமையில் நடந்த ஆய்வு 2001-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் என்னும் விலை குறைந்த பழைய மருந்துகளைக் கொண்டே நாட்டுப்புறத்தில் வலிப்பு நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று அது காட்டியது. மேற்கு வங்கத்துக் கிராமக் குழந்தைகளிடம் இதே இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு நடந்த ஆய்வு 1998-இல் வெளிவந்து, ஃபீனோபார்பிட்டோன் கிராமப்புறக் குழந்தைகளுக்கு ஏற்றதே எனக் கூறியது. இவற்றுள் ஃபீனோபார்பிட்டோன் 1912 முதலே வலிப்புக்குப் பயன்பட்டு வரும் மருந்து. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். விட்டுவிடாமல் கொடுப்பது வீட்டாரின் கையில் உள்ளது.

மருந்தும் ஒரு நியமம்

ஆறுகால பூசை நடைபெறும் கோயிலில் ஒரு காலப் பூசை தவறினால் அர்ச்சகரும் ஊராரும் எவ்வளவு கலங்குவர்! அந்த ஒழுங்கு குழந்தையின் மருந்துக்கும் வேண்டும். காலையில் விளக்கேற்றும் வேளை, மாலையில் விளக்கேற்றும் வேளை என்று இரு வேளைகளோடு மருந்தைப் பிணைத்துவிட்டால் மறதிக்கு இடமிராது. விளக்கு மாடத்தருகே ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, கொடுத்த வேளைக்கு ஒரு கோடு இடலாம். தாய் வேலைக்குச் சென்ற நாளில், பாட்டி அந்தக் கோட்டைப் பார்த்தே மருந்து கொடுத்தாயிற்றா இல்லையா என்பதை அறிந்துகொள்வார். இரு முறை கொடுப்பதும் விட்டுப்போவதும் ஒருங்கே தவிர்க்கப்படும்.

மருந்து நாள்தோறும் சென்றும் வலிப்பு மீண்டும் வருவதற்குச் சில காரணங்கள் உண்டு. முதலாவது, குழந்தையின் வளர்ச்சி. மருந்தின் அளவு உடல் எடையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. 12 கிலோ எடையில் எழுதிய அளவு, குழந்தை 16 கிலோ ஆனபின் போதாமல் போகலாம். ஆதலால் நலமாக இருக்கும்போதும் குறித்த காலத்தில் எடை பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, அளவைக் கருவி. அடுக்களைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். புட்டியோடு வரும் மூடியாலோ ஊசியில்லாச் சிரிஞ்சினாலோ அளப்பதே சரி. அடியில் படியும் மருந்தானால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையேல் முதல் வாரம் குறைவாகவும் கடைசி வாரம் மிகுதியாகவும் மருந்து சென்றுவிடும். மூன்றாவது, புட்டி மாறுதல். ஒரே மருந்து ஒரு நிறுவனத்திடம் ஓர் அடர்த்தியிலும் மற்றொன்றிடம் வேறு அடர்த்தியிலும் கிடைப்பதுண்டு. கடையில் மாற்றிக் கொடுத்தால், மில்லி அளவு மாறுமா என்று கேட்டறியாமல் கொடுக்கலாகாது.

‘ஆறு மாதமாக வரவில்லையே, இனி எதற்கு?’ என்று தாமாக நிறுத்துவதே எல்லாவற்றிலும் பெரும் பிழை. வலிப்பே இல்லாமல் பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் கழிந்த பின்னரே மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் எண்ணுவார். அப்போதும் சிறுகச் சிறுகவே குறைப்பார். திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் கொடிய வலிப்பு வரக்கூடும். பெண் குழந்தை பூப்பெய்தும் வயதை நெருங்கும்போது, வால்ப்ரோயேட் போன்ற மருந்து நடப்பில் இருந்தால் அதை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நன்று. பிற்காலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. அந்த அச்சத்தாலும் தாமாக நிறுத்துதல் கூடாது.

மருந்து ஒரு வாரத்துக்கு மீதியிருக்கும்போதே அடுத்த புட்டியை வாங்கிவிடுதல், வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குதல், காய்ச்சல் நாட்களில் செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்ளுதல் ஆகிய மூன்றும் பல இரவுகளின் ஓட்டத்தைத் தவிர்க்கும்.

விரதமும் கண்விழிப்பும்

கரிசல் சீமையின் ஆண்டு, திருவிழாக்களால் ஆனது. மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் குடும்பத்தோடு இரவு முழுவதும் தங்குவர். பங்குனியில் அம்மன் கோயில் பொங்கல், முளைப்பாரி. ஆடி கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதி. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர்ப் பாதயாத்திரை. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குக் கழுகுமலை. குழந்தையின் நோய் தீர வேண்டிக்கொண்டே பெற்றோர் இவ்விழாக்களுக்குச் செல்கின்றனர். அங்கே மூன்று இடர்கள் ஒன்றுசேர்கின்றன. தூக்கம் கெடுகிறது, உணவு நேரம் தவறுகிறது, மருந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறது. வலிப்பைத் தூண்டுபவற்றுள் தூக்கமின்மை முதன்மையானது. நேர்த்திக்கடன் செலுத்திய மறுநாளே வலிப்பு வந்தால், தெய்வக்குற்றம் என்று வீடு நடுங்குகிறது. அங்கே குற்றம் ஏதுமில்லை. ஓர் இரவின் தூக்கமும் இரு வேளை மருந்தும் தவறின, அவ்வளவே.

விரதம் இருப்பவர் மருந்து உண்ணலாமா என்ற ஐயத்துக்கு மரபே விடை தந்திருக்கிறது. விரதத்தைக் கெடுக்காதவை என எட்டு பொருள்களை மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் விதுரர் எண்ணுகிறார். நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு அவ்வரிசையில் மருந்தும் இடம்பெறுகிறது. பெரியவர்களுக்கே இவ்வாறு எனில் சிறு குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்காகப் பெற்றோர் பட்டினி கிடக்கலாம். குழந்தை பட்டினி கிடக்கவும் வேண்டா, இரவெல்லாம் கண்விழிக்கவும் வேண்டா. மடியில் உறங்கும் குழந்தையும் சந்நிதியில்தான் இருக்கிறது. புறப்படும்போது தேங்காய், பழம், கற்பூரம் எடுத்து வைக்கும் பையில் மருந்தை முதலாவதாக வைத்துவிட்டால் போதும்.

நீரும் நெருப்பும் பற்றிய எச்சரிக்கை தனியே வேண்டும். வலிப்பு நோயுடைய குழந்தையைத் தெப்பக்குளத்திலோ, ஊருணியிலோ, கண்மாயிலோ, கிணற்றிலோ தனியே இறங்க விடலாகாது. கைப்பிடிக்கும் தொலைவில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பூக்குழி, கரிமூட்டம், திறந்த அடுப்பு ஆகியவற்றின் அருகே நிற்க விடலாகாது. இவ்விரண்டும் தவிர ஓடியாடி விளையாடுவதற்கு அக்குழந்தைக்குத் தடையேதுமில்லை.

ஐந்து நிமிடம்

வலிப்பு வந்த குழந்தையைக் கண்டால் ஊர் கூடுகிறது. ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்; ஒருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுகிறார்; ஒருவர் வாயில் நீர் வார்க்கிறார். பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும் இயல்புடையவை. சாவியைத் தேடி எடுத்துவரும் நேரமும் வலிப்பு நிற்கும் நேரமும் ஒன்றாக அமைவதால், இரும்பே நிறுத்தியது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. சாவியால் தீங்கு குறைவு. வாயில் திணிக்கும் பொருளால் பல் உடையும். வார்க்கும் நீர் மூச்சுக்குழலில் இறங்கும்.

செய்ய வேண்டியவை சிலவே. குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எச்சில் வெளியே வழிந்துவிடும், நாக்கு மூச்சை அடைக்காது. கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, சுற்றியுள்ள கல், கட்டை, அரிவாள்மனை முதலியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. எல்லாவற்றுக்கும் முன்பாகக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இயன்றால் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து வைக்கலாம்; பெற்றோர் அரைமணி நேரம் விவரிப்பதைவிட, அரை நிமிடப் படம் மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும்.

கடிகாரம் ஏன்? ஐந்து நிமிடத்தைக் கடந்த வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு; நீளநீள அடக்குவதும் அரிதாகும், மூளைக்கும் கேடு. அந்த நேரத்தில் வீட்டிலேயே கொடுக்கத்தக்க மருந்து இன்று உண்டு. மிடாசோலம் என்னும் அம்மருந்தை ஊசியின்றிக் கன்னத்தின் உட்புறத்திலோ மூக்கிலோ செலுத்தலாம். இங்கிலாந்தின் 4 மருத்துவமனைகளில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஆசனவாய் வழி செலுத்திய டயசிபாம் 100-க்கு 27 முறை பயன் தந்தது. கன்னத்தில் செலுத்திய மிடாசோலமோ 56 முறை பயன் தந்தது. இந்தியாவில் இது மூக்கில் அடிக்கும் தெளிப்பானாகக் கிடைக்கிறது. எத்தனை முறை அடிப்பது என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. மருத்துவர் எழுதித் தந்து, செய்து காட்டிய பின்னரே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களுக்கு இத்தெளிப்பான் பெருந்துணை. ‘எம் குழந்தைக்கு இது வேண்டுமா?’ என்று அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது கேட்கத் தயங்க வேண்டா.

அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நலம். குழந்தையின் எடை, நாள்தோறும் கொடுக்கும் மருந்து, எத்தனை நிமிடத்தில் தெளிப்பான், எப்போது 108-ஐ அழைப்பது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு படி வீட்டுச் சுவரில், ஒரு படி பள்ளி ஆசிரியரிடம், ஒரு படி பயணப் பையில்.

நோய் முன்பே கண்டறியப்பட்ட குழந்தைக்கு வழக்கம்போல் சிறு வலிப்பு வந்து, இரண்டொரு நிமிடத்தில் நின்று, பிறகு உறங்கித் தெளிந்தால், ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவை இராது. மறுநாள் மருத்துவரிடம் தெரிவிப்பது போதுமானதாக இருக்கலாம். ஆனால் கீழ்க்காணும் நிலைகளில் நொடியும் தாமதிக்கலாகாது. வாழ்வில் முதன்முறையாக வந்த வலிப்பு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்வது. ஒன்று நின்று நினைவு தெளியும் முன் மற்றொன்று வருவது. உதடு நீலம் பாய்ந்து மூச்சுத் திணறுவது. தலையில் அடி, அல்லது நீரில் விழுந்தது. கடுங்காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. வலிப்பு நின்ற பின்னும் நெடுநேரம் தெளியாமை. அப்போது 108 வண்டியை அழைப்பதே முதற்கடன். மந்திரிப்பதும் விபூதி இடுவதும் வண்டிக்குள்ளும் நிகழலாம்.

காய்ச்சலின்போது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள சில குழந்தைகளுக்கு வரும் வலிப்பு வேறு. ஊர்வழக்கில் ஜன்னி என்பர். நூறு குழந்தைகளில் இருவர் முதல் ஐவர் வரை இதனைக் காண்கின்றனர். முதன்முறை கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆயினும் பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே மறைந்துவிடும், காக்காய் வலிப்பாக மாறுவதில்லை.

கும்பிடும் குழந்தையும் கற்பூரக் கட்டியும்

பக்தியுள்ள வீடுகள் தனிக்கவனம் கொள்ள வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன.

ஒரு வயது நிறையாத சில குழந்தைகள் திடீரெனத் தலை குனிந்து, கைகளை முன்னே கொண்டுவந்து, வணங்குவதுபோல் ஓரிரு நொடி மடங்கும். உறக்கம் கலையும் வேளையில் அடுத்தடுத்துப் பலமுறை இவ்வாறு நிகழும். குழந்தை சாமி கும்பிடுகிறது என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. 1841-இல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனிடம் இதனைக் கண்டு ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயராலேயே அந்நோய் இன்று அறியப்படுகிறது. உடல் வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்புபோல் அச்சுறுத்தாவிட்டாலும், நாள் கடந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியையே முடக்கவல்லது. இத்தகைய அசைவைக் கண்டால் கைப்பேசியில் படமெடுத்து, அந்த வாரத்துக்குள்ளேயே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மற்றொன்று கற்பூரம். ஆரத்திக்குரிய அப்பொருள் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சு. தவழும் குழந்தை ஒரு கட்டியை மிட்டாய் என எண்ணி விழுங்கினாலும் சிறிது நேரத்தில் கடும் வலிப்பு வரலாம். 2009-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள மருத்துவர்கள், கற்பூரத்தால் வலிப்புக்குள்ளான மூன்று குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினர். சளிக்கென்று கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் கற்பூரத் தைலம் தேய்க்கும் வழக்கமும் நன்றன்று. பூசை அறையில் கற்பூர டப்பா குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தடுக்கத்தக்க காரணம் இன்னொன்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அம்மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடம் விசாரித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆயிரத்தில் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டியே காரணமாகத் தெரிந்தது. பன்றி இறைச்சி உண்பவருக்கே இது வரும் என்பது தவறான எண்ணம். அப்புழு உள்ளவரின் மலத்தில் வெளிப்படும் முட்டைகள் நீர், கீரை, கழுவாத கை ஆகியவற்றின் வழியே சைவ உணவு உண்போர் வயிற்றுக்கும் செல்லும். கழிப்பறையைப் பயன்படுத்துதல், கீரையையும் காய்களையும் நன்கு கழுவுதல், அன்னதானப் பந்தியில் பரிமாறுவோர் சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகியவை வலிப்பையும் தடுக்கும் காப்புகளே.

மறைப்பதால் வளரும் நோய்

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் இந்நோயைத் ‘தெய்வ நோய்’ என்று அழைத்தனர். ஹிப்போக்ரட்டீஸ் மரபைச் சேர்ந்த மருத்துவ நூல் ஒன்று, மற்ற நோய்களைவிட இது எவ்வகையிலும் தெய்வத்தன்மை கூடியதன்று, மூளையில் எழுவதே என்று அக்காலத்திலேயே கூறியது. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் ஒரு கணம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு. அதில் சாபமில்லை, முற்பிறவிப் பழியைக் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டியதுமில்லை, தொட்டால் ஒட்டுவதுமில்லை.

ஆயினும் பெண் குழந்தை எனில் ‘நாளை யார் கட்டுவார்?’ என்ற அச்சத்தில் நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைப்பதற்காகவே பள்ளியில் சொல்வதில்லை; உறவினர் வந்தால் மருந்துப் புட்டி பரணுக்குச் செல்கிறது; வேளை தவறுகிறது. இந்து திருமணச் சட்டத்தில் முன்பு வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டமே விலக்கிவிட்ட தடையை வீட்டு வாசலில் மீண்டும் கட்டி வைப்பதில் பயனில்லை. நோய் கட்டுக்குள் உள்ள பெண்கள் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர், மருத்துவர் கண்காணிப்பில் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர்.

மருத்துவமும் இன்று வீட்டருகே வர முயல்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அவர்கள் கேட்டறியும் நோய்களுள் வலிப்பும் ஒன்று. அந்த நாளில் மறைக்காமல் சொன்னால், மேல் சிகிச்சைக்கு வழி திறக்கும். வகுப்பில் அடிக்கடி சில நொடிகள் கண் நிலைகுத்தி வெறித்துப் பார்க்கும் மாணவனை ‘கவனமில்லாதவன்’ என்று தண்டிப்பதற்கு முன், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம் என்பதை ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை மருத்துவமும் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1995 முதல் அதனைச் செய்துவருகிறது. 1936-இல் திருவிதாங்கூர்க் கோயில்களின் கதவை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட மன்னரின் பெயர் தாங்கிய நிறுவனம் அது.

கோயிலைச் சார்ந்தோரும் இதில் பெருந்தொண்டு ஆற்றலாம். குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்ட வரும் பெற்றோரிடம் பூசாரியார், ‘மருந்து விடாமல் கொடுக்கிறீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால், அது மருத்துவர் பத்து முறை சொல்வதைவிட ஆழமாகப் பதியும். கொடை விழாவுக்குத் திட்டமிடும் ஊர்ப் பெரியவர்கள், ஒலிபெருக்கிக்கு எட்டாத ஒரு மண்டபத்தைக் குழந்தைகள் உறங்க ஒதுக்கலாம். மருத்துவருக்குச் செல்லும் செலவுக்குத் திணறும் குடும்பத்துக்கு, உண்டியலில் இடும் காணிக்கையைப் போலவே பேருந்துக் கட்டணத்தை மனமுவந்து தருவோரும் அடியார்க்குத் தொண்டு செய்தவரே.

இறைவனின் ஐந்தொழில்களைக் கூறும் சைவ மரபு, தூக்கிய திருவடியில் அருளலைக் காண்கிறது; ஊன்றிய திருவடியில் மறைத்தலைக் காண்கிறது. அன்பர்கள் தேடிச் செல்வது தூக்கிய திருவடியை. அது தூக்கி நிற்பதற்கு மற்றத் திருவடி அசையாமல் ஊன்றியிருக்க வேண்டும். திருவாசி மழவன் தன் மகளின் நோயை ஒளிக்கவில்லை; பெயர் சொல்லி உரைத்தான், அருள் பெற்றான். நோயைப் பெயர் சொல்லி உரைப்பதும், விளக்கேற்றும் வேளையில் மருந்தை அளந்து வார்ப்பதும், கடிகாரத்தைப் பார்க்கும் நிதானமும் பெற்றோர் ஊன்ற வேண்டிய திருவடி. அது ஊன்றியிருக்கும் வீட்டில் முயலகன் கிடப்பான், குழந்தை ஆடும்.